பனிக்கு அஞ்சாத அல்லியும் கோடைக்கு அஞ்சாத அல்லியும்

வீட்டில் ஒரு தொட்டி வைத்து அல்லி வளர்க்க நினைப்பவர் நர்சரியில் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘ஹார்டி வேணுமா, டிராபிகல் வேணுமா?’ என்பதுதான். பெரும்பாலோர் யோசிக்காமல் முன்னதைக் கேட்பார்கள். உறுதியான செடி என்று பெயரே சொல்கிறதே. அந்த உறுதி எதைத் தாங்கும் உறுதி என்று விசாரிப்பவர் குறைவு. குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்தாலும் சேற்றுக்குள் பிழைத்திருந்து, பனி உருகியதும் மறுபடி துளிர்க்கும் அல்லிகளுக்கு ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இட்ட பெயர் அது. சென்னையின் மேற்குப் புறநகரான பருத்திப்பட்டில் யார் வீட்டுத் தொட்டியும் உறையப் போவதில்லை. இங்கே ஜனவரி அதிகாலையில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. மே மாதப் பகலிலோ 38ஐத் தாண்டுவது சாதாரணம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் நீர்ச்செடிக்குக் கெட்ட காலம் பங்குனியில் தொடங்கி ஆனி வரை நீள்கிறது: சுடும் நீர், வற்றும் நீர், உப்பேறும் நீர். ஆகவே இங்கே அல்லி வாங்குபவர் ஒரு செடி கோடையை எப்படிக் கடக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் நர்சரியின் இரண்டு பெயர்களும் ஏறக்குறைய இடம் மாறிக்கொள்கின்றன. ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். முழுக்க மாறாததற்கும் காரணம் இருக்கிறது.

இரண்டு வகையும் நிம்பேயா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. ஹார்டி எனப்படும் குளிர்நாட்டு அல்லி, சேற்றில் கிடைமட்டமாக ஊர்ந்து வளரும் மட்டநிலத்தண்டைக் கொண்டது. இஞ்சியைப் போல ஒரு முனையில் வளர்ந்துகொண்டே, மறுமுனையில் முதிர்ந்து அழுகிக்கொண்டே போகும். பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது இலைகளை விட்டுவிட்டு இந்தத் தண்டில் சேர்த்த மாவுச்சத்தில் காலம் தள்ளும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சுற்றிலும் ஈரம் இருக்க வேண்டும். உறைந்த குளத்துக்கு அடியிலும் ஈரம் இருக்கத்தானே செய்கிறது. டிராபிகல் எனப்படும் வெப்பநாட்டு அல்லியோ நிமிர்ந்த, குட்டையான கிழங்கிலிருந்து இலைவிடும். சூழல் மோசமானால் அது கிழங்கை இறுக்கி, தோலைத் தடிப்பாக்கி, உறங்கிவிடும். அந்த உறக்கம் உலர்ந்த சேற்றையும் தாங்கும். குளிர்ந்த நீரைத்தான் தாங்காது. நீர் 21 டிகிரியைத் தொடும்வரை வெப்பநாட்டு அல்லியை வெளியே நடக்கூடாது என்று அமெரிக்கத் தோட்டக்காரர்கள் விதி வைத்திருப்பது அதனால்தான். கடையில் இரண்டையும் பிரித்தறியக் கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. இலை விளிம்பு வழவழப்பாக, பூ நீர்மட்டத்தில் மிதந்தபடி இருந்தால் பொதுவாகக் குளிர்நாட்டு வகை. விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருந்து, பூ நீருக்கு மேலே காம்பில் தூக்கி நின்றால் வெப்பநாட்டு வகை.

தோட்டங்களில் குளிர்நாட்டு அல்லிகள் இவ்வளவு பெயர் வாங்கியதற்குப் பெரிதும் ஒருவரே காரணம். தென்மேற்குப் பிரான்சின் தெம்ப்ல்-சூர்-லோ என்ற ஊரில் 1875-இல் நீர்ச்செடி நர்சரி தொடங்கிய ஜோசப் லத்தூர்-மார்லியாக், வெள்ளைப் பூ மட்டுமே பூத்துவந்த ஐரோப்பியக் குளங்களுக்கு இளஞ்சிவப்பும் மஞ்சளும் பூக்கும் கலப்பினங்களை உருவாக்கினார். 1889-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பிற்பாடு ஓவியர் க்ளோத் மொனே தன் ஜிவெர்னி குளத்துக்கு அவரிடமிருந்தே செடிகளை வரவழைத்தார். மார்லியாக்கின் ஊர் 44 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட நீடிப்பதில்லை. 13 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றே கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. குளிர்நாட்டு அல்லி எந்தச் சமிக்ஞையை எதிர்பார்த்து ஓய்வெடுக்குமோ அந்தச் சமிக்ஞை இங்கே வருவதேயில்லை. அதனால் மார்கழியிலும் இலைவிட்டுக்கொண்டிருக்கிறது. வாங்கியவருக்கு அது மகிழ்ச்சிதான். செடி அதற்குக் கொடுக்கும் விலை மே மாதத்தில் தெரியும்.

நம் ஏரிகளில் தாமாக முளைக்கும் அல்லிகளின் நாட்காட்டி வேறு. சென்னைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. பாசனத்துக்காகக் கரைகட்டித் தேக்கிய ஏரிகள் ஆழமற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, சித்திரை, வைகாசியில் பிளந்த சேறாகிவிடும். இந்தச் சுழற்சிக்குள்தான் நீலமும் வெளிர்நீலமுமாகப் பகலில் பூக்கும் நிம்பேயா நௌச்சாலியும், இரவில் பூக்கும் வெள்ளல்லியான நிம்பேயா பியூபசென்சும், செவ்வல்லியும் நெடுங்காலமாகத் தேறிவந்திருக்கின்றன. ஏரி காய்ந்தால் இவை சாவதில்லை. கிழங்கு சேற்றில் உறங்கும். காயில் முதிர்ந்த விதைகள் காற்றடைத்த மெல்லிய உறையால் சிறிது நேரம் மிதந்து, பரவி, மூழ்கி, அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்கும். அல்லிக்கிழங்கையும் விதையையும் தமிழகத்திலும் இலங்கையிலும் மக்கள் உணவாகக் கொண்டிருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: வறட்சிக்காகச் செடி சேர்த்துவைத்த மாவுச்சத்தையே வறட்சியில் மனிதரும் தோண்டி எடுத்தார்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் பூண்டியும் ஏறக்குறைய வறண்டு, சென்னை தண்ணீர் லாரிகளின் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அப்படியொரு கோடைதான் இந்தச் செடிகளுக்கு வடிவம் கொடுத்தது. நம் ஊர்க் கணக்கில் உறுதியான செடி என்றால் இவற்றையும் இவற்றின் வழிவந்த வெப்பநாட்டுக் கலப்பினங்களையும்தான் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: உரம் நிறைந்த பெரிய சட்டியில் சொகுசாக வளரும் கலப்பினங்கள் கெட்டியான கிழங்கு வைக்கச் சோம்பல்படும். கிழங்கு வேண்டும் என்று நினைக்கும் வளர்ப்பாளர்கள் சிறிய சட்டியில் நெருக்கி, பட்டினி போட்டே அதை வரவழைக்கிறார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. பாங்காக் நகரம் நமக்குச் சமமான அட்சரேகையில்தான் இருக்கிறது, வெப்பமும் குறைவில்லை. அங்கே குளிர்நாட்டு அல்லிகள் செழித்துப் பூக்கின்றன, உலகப் பரிசும் வாங்குகின்றன. சர்வதேச நீரல்லித் தோட்டச் சங்கம் 2010-இல் சிறந்த புதிய அல்லியாகத் தேர்ந்தெடுத்த ‘வன்விசா’ தாய்லாந்தில் உருவானது, வகைப்பாட்டில் ஹார்டிதான். பிறகெப்படி அவற்றைப் பருத்திப்பட்டுக்கு ஆகாதவை என்பது? நியாயமான கேள்வி. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதைத் திருத்துகிறது. ஒரு செடி எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்பதைப் போலவே, எந்த வெயிலில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் கணக்கில் சேர வேண்டும். தாய்லாந்து வளர்ப்பாளர்கள் தம் ஊர்க் கோடையில் தாக்குப்பிடிக்காத நாற்றுகளை இயல்பாகவே கழித்துவிடுகிறார்கள். மிஞ்சியவையே பெயர் பெறுகின்றன. மஞ்சள் பூக்கும் பழைய ஹார்டி வகைகள் பலவற்றில் மெக்சிகோவும் புளோரிடாவும் சொந்த ஊரான நிம்பேயா மெக்சிகானாவின் கலப்பு இருப்பதால், அவற்றுக்கும் வெயில் புதிதல்ல. ஆக, ஹார்டி வேண்டுமென்றால் தாய்லாந்துத் தேர்வுகளையோ மெக்சிகானா வழியையோ கேட்டு வாங்குவது அறிவுடைமை. வட ஐரோப்பிய வெள்ளல்லியின் நேர்வாரிசை வாங்கி மொட்டைமாடி டப்பில் வைப்பது வீண்செலவு. ஆனால் இந்தத் தேர்ந்தெடுத்த ஹார்டிகளும் ஒன்றை மட்டும் மன்னிக்காது: ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்து, வறண்ட தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் மட்டநிலத்தண்டு உயிர்பெற்று வராது. நாட்டு அல்லி பெரும்பாலும் வந்துவிடும்.

கோடையில் தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பராமரிப்பு விதிகள் எல்லாம் அதிலிருந்தே கிடைக்கின்றன. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் அது 7 ஆகிவிடுகிறது. சேற்றுக்குள் ஆக்சிஜன் அநேகமாக இல்லை; வெப்பம் ஏற ஏற நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் தின்றுவிடும். அங்கே கிடக்கும் கிழங்கு மூச்சுவிட வேண்டுமென்றால் காற்று மேலிருந்துதான் வர வேண்டும். அல்லியின் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் தெரியும் துளைகள் அதற்கான குழாய்கள். 1980-இல் ஆய்வாளர் ஜான் டேசி, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் நீரல்லியான நூஃபாரில் ஒரு வியப்பான ஏற்பாட்டைக் காட்டினார்: வெயிலில் சூடாகும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் கூடி, காற்று காம்பு வழியே கிழங்குவரை இறங்கி, முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. ஒரு நாளில் இப்படி 22 லிட்டர் வரை காற்று போகக்கூடும் என்று அளந்தார்கள். நிம்பேயாவுக்கும் அதே போன்ற காற்றுக்குழாய்கள் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று முதிர்ந்த இலைகளை எல்லாம் கிள்ளிவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முற்றாக மஞ்சளித்ததை மட்டும் எடுத்தால் போதும். இலைத்துளைகள் மேற்பரப்பில் இருப்பதால் இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெளிக்கும் ஃபவுண்டனும் அல்லிக்கு ஆகாது. கறுப்பு பிளாஸ்டிக் டப்பை வெறும் தளத்தில் வைத்தால் சுவர் வழியே வெப்பம் ஏறும். அகலமான, நீர் அதிகம் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி அதே வெயிலில் பல டிகிரி குளிர்ந்திருக்கும். புதுச் சிமெண்ட் தொட்டியாக இருந்தால் சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மை ஏறும், ஆகையால் சில வாரங்கள் நிரப்பி வடித்துப் பழக்க வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாமல் எந்த அல்லியும் ஒழுங்காகப் பூக்காது என்பதால், வெப்பத்துக்கு அஞ்சி நிழலில் வைப்பதும் தீர்வாகாது. வெயிலைக் குறைக்காமல் நீரின் அளவைக் கூட்டுவதே வழி.

மண்ணும் உரமும் பற்றிய தவறுகளுக்குப் பருத்திப்பட்டு ஏரியே பாடம். 2019-இல் நடைபாதையும் பூங்காவுமாகச் சீரமைத்துத் திறக்கப்பட்ட இந்த ஏரி, அதற்கு முன் நெடுங்காலம் ஆவடிப் பகுதியின் கழிவுநீரைச் சுமந்தது, ஆகாயத்தாமரையோடு போராடியது. கழிவுநீர் கலந்த ஏரியை அல்லி மூடுவதில்லை, ஆகாயத்தாமரைதான் மூடுகிறது. ஆகாயத்தாமரை மிதக்கும் செடி. அதன் வேர் நீரிலிருந்தே நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உறிஞ்சுகிறது. அல்லி சேற்றில் வேரூன்றிய செடி. தன் உணவைப் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுக்கிறது. சத்து தண்ணீரில் கரைந்து கிடந்தால் மிதப்பவையும் பாசியும் முந்திவிடும். சத்து சேற்றில் இருந்தால் வேரூன்றியவை வெல்லும். வீட்டுத் தொட்டியிலும் இதே போட்டிதான். பச்சைச் சாணத்தை அள்ளிப் போட்டால் தண்ணீர் நாறி, பாசி படர்ந்து, செடி மட்டும் அப்படியே நிற்கும். களிமண் கலந்த வண்டலை அகலமான சட்டியில் இறுக்கி, நன்கு மக்கிய எருவையோ எலும்புத்தூளையோ அடியில் புதைத்து, மேலே ஆற்றுமணலோ சிறு கூழாங்கல்லோ பரப்பி மூட வேண்டும். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை உரத்தைக் களிமண் உருண்டைக்குள் வைத்து வேருக்கு அருகே அழுத்தினால் சத்து தண்ணீருக்கு வராது. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த தொட்டிச்செடி மண்கலவை இதற்கு உதவாது, நீரில் மிதந்துவிடும். நடுவதிலும் முன்சொன்ன உடலமைப்பு விளையாடுகிறது. ஊர்ந்து போகும் ஹார்டித் தண்டைச் சட்டியின் ஓரத்தில், வளர்முனை நடுவை நோக்குமாறு சாய்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்து வளரும் வெப்பநாட்டுக் கிழங்கை நட்டநடுவில் வைக்க வேண்டும். முதலில் ஒரு சாண் தண்ணீர் போதும். இலைகள் பெருகிய பின் உயர்த்தலாம்.

2019-இல் குடிக்கவே தண்ணீர் இல்லாமல் தவித்த நகரத்தில் அலங்காரத்துக்குத் தொட்டி நிரப்புவது சரியா என்று கேட்பவர்களைப் புறந்தள்ள முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள டப்பில் கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இலைகள் மூடியிருப்பதால் இது பெரிதாகக் குறையும் என்று சொல்லிச் சமாதானப்படுத்த மாட்டேன். இலைகளும் நீரை ஆவியாக்குகின்றன. நாலு லிட்டர் என்பது ஒரு வீட்டுக் கணக்கில் சிறியது. கவலைப்பட வேண்டியது அந்த நாலு லிட்டர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. உப்புச் சுவையுள்ள போர்வெல் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் ஆனி மாதத்துக்குள் தொட்டி நீர் வாங்கிய நீரைவிட இருமடங்கு உப்பாகிவிடலாம். இலைமேல் வெள்ளைப் படிவும் கருகும் விளிம்பும் அதன் அடையாளம். மிச்சமாகிறதே என்று ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரை ஊற்றுவது இன்னும் கெடுதல்; அது ஏற்கெனவே செறிந்த உப்புநீர். ஏசி சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. கோடையில் அது நிறையவும் கிடைக்கிறது, யாரும் குடிப்பதும் இல்லை. மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பத்துச் சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். ஐப்பசி மழையில் தொட்டியை முழுக்க நிரம்பி வழியவிட்டால் கோடை முழுதும் சேர்ந்த உப்பின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்படும்.

கொசுவைப் பற்றிய அச்சம் நியாயமானது. சென்னையில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸும் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெபன்சியும் இத்தகைய தெளிந்த தேங்கிய நீரைத்தான் தேடுகின்றன, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அவற்றுக்கு ஒன்றரை வாரம் போதும். மீன் இல்லாத அல்லித் தொட்டி கொசுப் பண்ணைதான். நாலைந்து கப்பி மீன் இருந்தால் புழுக்கள் மிஞ்சாது. இலையடியில் ஒட்டும் அசுவினியைத் தண்ணீரில் கழுவிவிட்டால் அதையும் தின்னும். மீன் வேண்டாதவர்களுக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. பூச்சிமருந்து தெளிப்பது மட்டும் கூடாது.

பூவுக்கு வருவோம். ஹார்டி வகைகளும் பகலில் பூக்கும் வெப்பநாட்டு வகைகளும் காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பிவிடுகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ ஆவடித் தொழிற்சாலைகளுக்கோ காலையில் கிளம்பி இருட்டிய பின் திரும்புபவர், தான் வளர்க்கும் அல்லியின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்ப்பார். பட்டியல்களில் யாரும் பெரிதாகச் சொல்லாத இந்தச் சங்கதிதான் என்னைக் கேட்டால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். நாட்டு வெள்ளல்லியும் செவ்வல்லியும் அந்தியில் விரிந்து மறுநாள் முற்பகல்வரை திறந்திருக்கும். அவை வண்டுகளுக்காக வைத்த நேரம் அது. வேலை முடிந்து வருபவருக்கும் பொருந்திப்போகிறது. பகல் அல்லியில் வேறொரு வேடிக்கை உண்டு. முதல்நாள் பூவின் நடுவில் கிண்ணம்போல் நீர்மம் தேங்கியிருக்கும், மகரந்தம் இராது. வேறு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் வழுக்கி விழுந்தால் மகரந்தம் கழுவப்பட்டு சூலகமுடிக்குப் போகும். பூச்சி சில சமயம் மூழ்கிச் சாகும். மறுநாள் அந்த நீர்மம் இருக்காது, மகரந்தம் மட்டும் கிடைக்கும். ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் நடந்துகொள்ளும் இந்த முறையால் தன்மகரந்தச் சேர்க்கை பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

இவ்வளவு நன்றாகப் பொருந்தும் செடி என்றால் ஏரியிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். நாட்டு அல்லியை நீர்வளத் துறையோ வேறு பொறுப்பாளர்களோ ஆய்ந்து நட்டால் அது வேறு. வீட்டில் பெருகிய கலப்பினத்தைக் கொண்டுபோய்ப் பருத்திப்பட்டு ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ வீசக்கூடாது. இலங்கையின் அனுபவம் இதற்குச் சான்று. அந்நாடு 1986-இல் நிம்பேயா நௌச்சாலியான நீலோற்பலத்தைத் தேசிய மலராக அறிவித்தது. ஆனால் பின்னாளில் பலரும் அது என்று நம்பிப் படத்திலும் குளத்திலும் போற்றிவந்தது அயலிலிருந்து வந்த ஊதாநிறக் கலப்பினம் என்று பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் காட்டினார்கள். அது அங்குள்ள நீர்நிலைகளில் பரவி, உண்மையான நிம்பேயா நௌச்சாலியோடு குழப்பத்தையும் உண்டாக்கியிருந்தது. வெப்பநாட்டுக் கலப்பினங்கள் சிலவற்றில் இலையின் நடுவிலிருந்தே குட்டிச்செடி முளைக்கும். ஒரு இலை அறுந்து மிதந்தாலே புது இடத்தில் குடியேறிவிடும். கப்பி மீனுக்கும் இதே தடை பொருந்தும். சட்டி நிறைந்து பிரித்தெடுக்கும்போது மிஞ்சுவதை அண்டைவீட்டுக்குக் கொடுக்கலாம், அல்லது அழிக்கலாம். அழிப்பதில் ஒரு நுணுக்கம்: ஹார்டித் தண்டை வெயிலில் நன்றாகக் காயவிட்டாலே போதும். வெப்பநாட்டுக் கிழங்கு காய்ந்த சேற்றில் ஒரு கோடையைக் கடக்கக் கற்றது. மாடியில் சில நாள் காய்ந்ததால் செத்துவிட்டது என்று எண்ணிக் குப்பையோடு தள்ளினால், அது மழைநீர்க் கால்வாய் வழியே ஏரிக்குப் போய் முளைக்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, உரக்குழியில் ஆழமாகப் புதைத்து மக்கவிட வேண்டும்.